கீற்றுக் கொட்டகையைப் பிரித்த வருடம்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஓடு வேய்ந்த கொட்டகை ஒன்று இருக்கிறது. இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே மங்களூர் ஓடு, நான்கு பக்கமும் இடுப்பளவு சுவர், கை கழுவ இரண்டு குழாய்கள். பதினாறு பேர் நெருக்கடி இல்லாமல் உட்கார்ந்து சாப்பிடலாம். இதுவரை யாரும் அதில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கோடையில் என் மனைவி மாடியில் வடகம் காயவைக்கும்போது தூறல் விழுந்தால் தட்டுகளை அதற்குள் இழுத்து வைக்கிறாள். அதன் உபயோகம் அவ்வளவுதான்.

அதே இடத்தில் முன்பு ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அது எங்கள் வீட்டின் மெஸ். அதை நடத்தியவள் அவள். பிரித்தவன் நான்.

நான் கடலோரத்தில் ஒரு மத்திய அரசு நிலையத்தின் பண்டகசாலையில் வேலை பார்த்தவன். வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பண்டகசாலைக்காரனுக்கு எண்ணுவதுதான் தொழில். போல்ட், வாஷர், ரப்பர் கையுறை, கடைசியில் காலி டப்பாக்கள் வரை எண்ணவேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி திருக்கழுக்குன்றத்தை அடுத்த ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பெண். என்னைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் ஒன்று சொல்வாள்: "தாலி கட்டும்போதே மூணு முடிச்சு தானான்னு எண்ணிப் பாத்த ஆளு இவுரு."

எண்ணும் பழக்கத்தோடு நெருப்புப் பயத்தையும் அந்த வேலைதான் எனக்குக் கொடுத்தது. வருடம் தவறாமல் எங்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி உண்டு. இரும்புத் தட்டில் எண்ணெயை ஊற்றிப் பற்றவைப்பார்கள். சிவப்பு உருளையின் ஊசியைப் பிடுங்கி, குழாயை நெருப்பின் அடிப்பாகத்துக்குக் காட்டி, இடமும் வலமுமாக வீசி அணைக்கவேண்டும். சங்கு ஊதினால் எல்லோரும் வெளியே குறித்த இடத்தில் போய் நிற்கவேண்டும். ஒருவர் தலைகளை எண்ணவேண்டும். என் பிரிவில் எண்ணுகிறவன் நான். ஒரு தடவையும் எண்ணிக்கை பிசகியதில்லை என்று ஓய்வுபெற்ற அன்று நடந்த கூட்டத்தில் மேலதிகாரி சொன்னார். அதற்குக் கைதட்டல் கூடக் கிடைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே திருப்போரூரில் மனை வாங்கிக் கீழ்வீட்டைக் கட்டிவிட்டோம். ஓய்வுபெற்றதும் மேலே நான்கு அறைகள் எழுப்பினேன். ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதாகத்தான் எண்ணம். ஆனால் எந்தக் குடும்பமும் வரவில்லை. அதற்குள் சென்னைச் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரி முளைத்திருந்தது. அதற்கு விடுதி இல்லை. ஒரு மழைநாளில் மூன்று பையன்கள் நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றார்கள். வீட்டில் சிகரெட் கூடாது, அடுப்பு கூடாது, மெழுகுவத்தி கூடாது என்று நான் அடுக்கிக்கொண்டிருந்தேன். மனைவி என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சாப்பாட்டுக்கு இன்னா பண்ணுவீங்க?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "எங்கயாச்சும் பாத்துக்கறோம் ஆன்ட்டி."

"எங்கயாச்சும்னா? பஸ் ஸ்டாண்டுல பரோட்டாவா? தெனமும் அத்தத் துன்னா வவுறு இன்னாத்துக்கு ஆவும்?"

மெஸ் அந்த நிமிஷத்தில் தொடங்கியது. முதல் வருடம் மூன்று பேர் எங்கள் கூடத்தில் சாப்பிட்டார்கள். அடுத்த வருடம் அறைக்கு இரண்டு பேராக எட்டுப் பேர் ஆனார்கள். பிறகு பதினான்கு. கூடம் போதவில்லை. அவள் தன் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினாள். அவர் சவுக்குக் கழிகளும் முடைந்த தென்னங்கீற்றுமாக ஒரு மாட்டுவண்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். ஒரே நாளில் மொட்டைமாடியில் கொட்டகை எழுந்துவிட்டது. சமையல் கீழே எங்கள் அடுக்களையில். சோற்றுக் குண்டானையும் குழம்பு வாளியையும் பையன்கள் இரண்டிரண்டு பேராக மேலே தூக்கிப் போவார்கள். இரண்டு மணிக்கு மேல் கடல்காற்று எடுக்கும். அந்தக் கீற்றின் கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் சாப்பிட்ட இடத்திலேயே சாய்ந்து தூங்கிவிடுவார்கள்.

அவள் பரிமாறும்போது பேச்சு மாடிப்படி வழியாக இறங்கிவந்து எனக்குக் கேட்கும்.

"ஆன்ட்டி, சாம்பார்ல கத்திரிக்காய தேடிக்கினே கீறேன்" என்பான் செங்கல்பட்டுப் பையன் ஒருவன்.

"தேடு தேடு. கெடச்சா எனக்கும் ஒண்ணு எடுத்து வெய்யி."

"மச்சான், உனக்குக் கெடைக்காதுடா. ஃபயர் இன்ஜின் எண்ணித்தான் போடச் சொல்லிக்கீறாரு."

ஃபயர் இன்ஜின் நான்தான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களை அதட்டியதில்லை, சிரிப்பாள். வாயை மூடாமல் சிரிப்பாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடத்துக்குமேல் ஆகியிருந்தது. வேலையிடத்துக் குடியிருப்பில் இருந்தவரை அவளை எல்லோரும் 'சார் வீட்டம்மா' என்றுதான் சொன்னார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் என்பதால் அங்கிருந்த படித்த பெண்களுக்கு நடுவில் அதிகம் பேசமாட்டாள். கீற்றுக் கொட்டகைக்கு வந்தவர்கள்தான் முதன்முதலாக அவளைத் தேடி வந்தவர்கள். என்னைத் தேடி வந்து, போகிற வழியில் அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தவர்கள் அல்லர். இது அப்போதே எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் அதற்கு என்ன எடை என்று நான் நிறுத்துப் பார்க்கவில்லை.

என் கண் கீற்றின் மேலேயே இருந்தது. காய்ந்த கீற்று என்ன வேகத்தில் எரியும் என்று எனக்குத் தெரியும். கொசுவத்திச் சுருளோடு எவனாவது மேலே போனால் பின்னாலேயே போவேன். தீபாவளி வந்தால் எங்கள் தெருக்காரர்கள் கூரைகளுக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். ராக்கெட் வந்து விழும் என்பதற்காக. நான் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு கொட்டகை சொட்டச் சொட்ட நனைப்பேன். பிறகு இரண்டு வாளித் தண்ணீரோடு அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவேன். தெருவே வெடித்துக்கொண்டிருக்கும்போது நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் மேலே வந்து ஒரு தட்டில் அதிரசத்தை வைத்துவிட்டு, "நெருப்புக்கு வெச்ச காவலு நல்லாத்தான் கீது. கண்ணு வலிக்காம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

பிறகு அந்த வருடம் வந்தது. தமிழ்நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கீற்றுக்கூரை தீப்பிடித்துக் குழந்தைகள் செத்துப்போனார்கள். ஊர்ப்பெயரை எழுதக் கை வரவில்லை, எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குச் செய்தித்தாளை நானும் அவளும் மாறி மாறிப் பார்த்தோம். அவள் அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் மொட்டைமாடிக்குப் போய்க் கீற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சில வாரங்களில் கல்லூரியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் சேர்ந்து தங்கும் வீடுகளுக்கு இனி நிபந்தனைகள் உண்டு. இறங்குவதற்கு இரண்டு வழிகள் இருக்கவேண்டும். சன்னல் கம்பியில் ஒரு பகுதியாவது திறக்கும்படி இருக்கவேண்டும். தீயணைப்பு உருளை, மணல் வாளி வைத்திருக்கவேண்டும். அறைகளில் சமைக்கக்கூடாது. எரியக்கூடிய கூரை எதுவும் கூடாது. தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆள் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மாணவர்கள் அங்கே தங்கலாம்.

மற்ற வீட்டுக்காரர்கள் புலம்பினார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இத்தனை வருடமாக நான் ஒருவன் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது காகிதத்தில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு உருளைகள் வாங்கினேன். நான்கு வாளிகளுக்குச் சிவப்பு வர்ணம் அடித்து மாமல்லபுரம் பக்கத்திலிருந்து மணல் வரவழைத்து நிரப்பினேன். ஒவ்வொரு அறையிலும் ஒரு சன்னல் கம்பியை அறுத்துக் கீல் வைத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சன்னலுக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்கவிட்டேன். வீட்டின் பின்புறம் இரும்பில் சுழல்படி ஒன்று இறக்கினேன். மாடி வராந்தாவின் கோடியிலிருந்து நேராக அடுக்களையின் கொல்லைக்கதவருகே வந்து இறங்கும். மாடிக்குத் தனி மீட்டர் ஏற்கெனவே இருந்தது. வாசல் வேப்பமரத்தைக் கூடுமிடம் என்று அறிவித்தேன். மாதம் ஒருமுறை விசில் ஊதிப் பையன்களை வேப்பமரத்தடிக்கு ஓடவைத்து எண்ணினேன். லுங்கியோடும் சோப்பு நுரையோடும் ஓடிவருவார்கள்.

மிச்சம் இருந்தது கொட்டகைதான்.

தீயணைப்பு நிலைய அலுவலர் நல்ல மனிதர், செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். எல்லாவற்றையும் பார்த்து மெச்சிவிட்டு மொட்டைமாடிக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"கீத்து கூடாது சார். அத்த மட்டும் எட்த்துடுங்க. பதிலுக்கு ஓடு போட்டுக்கலாம், தப்பு இல்ல."

கூடவே வந்திருந்த மனைவி உடனே பிடித்துக்கொண்டாள். "ஓடு போட்டா செரியா? சாரு சொல்லிட்டாரு, கேட்டுக்கினீங்களா? ஓடு போட்டுடலாம்."

அவர் போன பிறகு நான் அவளிடம் சொன்னேன்: "ஓட்டுக்கு மரச்சட்டம் வேண்டும். மரமும் எரியும்."

"அவுரே செரின்னுட்டாரு. நெருப்பாபீசரை விட உங்களுக்கு சாஸ்தி தெரியுமா?"

"தகரம் போட்டால் அந்தப் பேச்சே இல்லை. இரும்புக் குழாய், தகரம். எரிவதற்கு ஒன்றுமே இருக்காது."

"எரியாது. வேகும். தகரத்துக்கு அடியில மதியானத்துல எவனாச்சும் குந்துவானா? நீங்க குந்துவீங்களா?"

"பழகிக்கொள்வார்கள்."

"அடுப்பு கீழ கீது. மேல வெறும் எலயும் சோறுந்தான். இத்தினி வருசத்துல ஒரு தீக்குச்சி ஏத்துனது உண்டா? கீத்து வேணாம், நானும் ஒத்துக்கினேன். அந்தப் புள்ளைங்கள பேப்பர்ல பாத்த அன்னிக்கே வேணாம்னுட்டேன். ஓடு கேக்கறேன். அவ்ளோதான்."

இரும்புச் சட்டத்தின் மேலேயே ஓடு போடலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்று அந்த ஓட்டைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் தோன்றுகிறது. ஒரு கொல்லனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஆனால் தகரம் என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்னபிறகு மாற்றிக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை.

கீற்றை இரண்டு ஆட்கள் வந்து பிரித்தார்கள். பழங்கீற்று பொடிப்பொடியாக உதிர்ந்து மாடி முழுவதும் தூசி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சவுக்குக் கழிகள் மட்டும் நின்றன. பையன்கள் அன்றைக்கு வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் வெயிலில் நின்று கழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கீழே வரச் சொன்னேன். "வரேன், போங்க" என்றாள்.

தகரம் ஏறியது. அவள் சொன்னதுதான் நடந்தது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் உள்ளே அடுப்பங்கரைச் சூடு. எவர்சில்வர் தம்ளரைக் கையில் பிடிக்க முடியவில்லை. மழை பெய்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. பையன்கள் முதலில் கேலி பண்ணினார்கள். "டேய், ரசத்த எலயில ஊத்தாத, ஆவியாப் போயிரும்" என்றான் மதுரைப் பையன். பிறகு கேலி நின்றது. தட்டில் வாங்கிக்கொண்டு அறைக்குப் போனார்கள். அப்புறம் ஒவ்வொருவனாக, கல்லூரிக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டுவிட்டேன் ஆன்ட்டி, பசியில்லை ஆன்ட்டி என்றார்கள். பதினான்கு ஒன்பதானது, ஒன்பது ஐந்தானது. குறைவதை நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எண்ணி அவளிடமும் சொன்னேன், ஏதோ அவளுக்குத் தெரியாததுபோல.

ஒருநாள் பெரிய குண்டானைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். "மூடியாச்சு" என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சநாள் ஓய்வெடு, உனக்கும் முழங்கால் வலி இருக்கிறதே என்றேன். அன்றிலிருந்து மாடிப்படி வழியாக எந்தப் பேச்சும் இறங்கி வரவில்லை.

பதினெட்டு வயதுப் பையனுக்குப் பசி நிபந்தனை பார்த்து வராது. அறைகளில் மின்சாரச் சுருள் அடுப்புகள் வந்தன. களிமண் வட்டில் சுருள் கம்பி பதித்த மலிவான அடுப்பு, சந்தையில் கிடைக்கும். முட்டை வேகவைக்கவும் நூடுல்ஸ் கிளறவும் போதும். நான் மோப்பம் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அறை அறையாகச் சோதனை போட்டேன். இரண்டு மாதத்தில் ஐந்து அடுப்புகளைப் பறிமுதல் செய்து பரணில் அடுக்கினேன். அடுப்புகள் குறையவில்லை, ஒளித்துவைக்கும் சாமர்த்தியம்தான் கூடியது.

செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய ஞாயிறு. தேர்வு என்பதால் பதினான்கு பேரும் வீட்டில். மதியம் நான் வழக்கம்போல மாடிக்குப் போய்க் கோடி அறைக் கதவைத் தட்டினேன். அங்கே அப்போது தனியாக இருந்தவன் தருமபுரிப் பையன். சாது. கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரமானது. திறந்தவன் உள்ளே விடாமல் வெளியே வந்து, கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டான்.

"குட் ஆஃப்டர்நூன் சார். நேத்து நீங்க சொன்னீங்களே, உருளையில முள்ளு பச்சையில இருக்கணும்னு. எதுக்கு சார் அது?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேட்கத் தெரிந்த பிள்ளை என்று நினைத்தேன். அவனை வராந்தாவில் மாட்டியிருந்த உருளைக்கு அழைத்துப்போய் அழுத்தமானி, ஊசி, முத்திரை எல்லாவற்றையும் விளக்கினேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவன் கண் அடிக்கடி கதவுக்குப் போவதைப் பார்த்தேன். படிக்கவேண்டும்போல என்று எண்ணிக்கொண்டு, அதற்காகவே கடைசிப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்ல முயன்றேன்.

கதவின் அடியிலிருந்து புகை வந்தது.

நான் தட்டிய சத்தம் கேட்டதும், முட்டை வெந்துகொண்டிருந்த அடுப்பைச் சுவிட்சை அணைக்கக்கூட நேரமில்லாமல் அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கிறான். கட்டிலிலிருந்து போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. மேலே தேங்காய்நார் மெத்தை.

பயிற்சி கைகொடுத்தது. விசில் ஊதினேன். மாடி மீட்டரின் ஃப்யூஸைப் பிடுங்கினேன். உருளையைத் தூக்கி, ஊசியைப் பிடுங்கி, அடிப்பாகத்துக்கு அடித்தேன். ஜுவாலை அடங்கிவிட்டது. நார் மட்டும் உள்ளுக்குள் கனன்று கெட்டியான மஞ்சள் புகையைக் கக்கியது. வராந்தாவும் மற்ற அறைகளும் புகையால் நிறைந்தன. பையன்கள் எல்லோரும் இறங்கியாயிற்று. நானும் இறங்கி வேப்பமரத்தடிக்குப் போய் எண்ணினேன்.

பதின்மூன்று.

மறுபடி எண்ணினேன். பதின்மூன்றுதான். யார் இல்லை என்று கத்தினேன். "செய்யாறு சார், செய்யாறுக்காரன் இல்ல சார்!" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள். ஒல்லியான பையன், வயிற்றுப்புண் உள்ளவன், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சுருண்டு படுத்துவிடுவான். அறையில் படுத்திருக்கிறான், புகையில் மயங்கிவிட்டான் என்று என் மனம் முடிவுகட்டிவிட்டது. பையன்கள் இருவர் ஓடப்பார்த்தார்கள். தடுத்துவிட்டு, துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு நான் ஏறினேன்.

புகை தரைக்கு மேலே ஒரு முழம் விட்டுத்தான் நிற்கும் என்பது பாடம். தவழ்ந்து போனேன். நான்கு அறைகளிலும் கட்டில்களுக்கு மேலும் கீழும் கையால் துழாவினேன். குளியலறையில் துழாவினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தொண்டையிலிருந்து இருமல்தான் வந்தது. அவனுடைய அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் உருவாக்கத் தொடங்கியிருந்தேன். அந்த வாக்கியம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குமேல் மூச்சு நிற்கவில்லை. வராந்தாக் கோடிக்குப் போய்ச் சுழல்படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன். அது அடுக்களையின் கொல்லைக்கதவருகே கொண்டுவந்து விட்டது.

உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இட்லிக்கு மாவு. அந்த இரைச்சலில் விசிலோ கூச்சலோ எதுவும் கேட்டிருக்காது. மேடையின் அருகே மணைப்பலகையில் செய்யாறுப் பையன் உட்கார்ந்திருந்தான். தட்டில் பாதி மோர்சாதம். பக்கத்தில் மனைவி, கையில் கரண்டியோடு.

நான் அவனைப் பார்த்தேன். அவன் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டான். அவள் கிரைண்டரை நிறுத்தினாள். என் கோலத்தைக் கவனிக்கும் முன்பே வாயைத் திறந்துவிட்டாள்.

"நான்தான் கூப்ட்டுக் குந்த வெச்சேன். அவன ஒண்ணும் சொல்லாதீங்க. வவுத்துப் புண்ணுக்காரன், காரம் துன்னக்கூடாது. தெனமும் வரான். உங்களுக்குத் தெரிஞ்சா, ஒருத்தனுக்கு மட்டும் எப்படின்னு ரூலு பேசுவீங்கன்னுதான் கொல்லப்பக்கமா வரச் சொல்லிக்கினு கீறேன். இன்னா இப்போ?"

பிறகுதான் என் முகத்துக் கரியையும் ஈரத் துண்டையும் பார்த்தாள். கரண்டியைக் கீழே போட்டாள்.

என்னைக் கைத்தாங்கலாக வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். செய்யாறுப் பையனைக் கண்டதும் மற்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். "டேய் மச்சான், நீ செத்துட்டன்னு சார் உள்ள போய்த் தேடிக்கினு கீறாரு, நீ இங்க மோர்சோறு அடிக்கிறியா?" என்று ஒருவன் அவன் முதுகில் குத்தினான். தருமபுரிப் பையன் அழுதான். "நீங்க வந்தீங்கன்னுதான் சார் உள்ள தள்ளினேன்" என்றான் திரும்பத் திரும்ப. நான் இருமிக்கொண்டே, பதினான்கு, சரியாகிவிட்டது, பதினான்கு என்றேன்.

மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள். கோபமாக அல்ல, பையன்கள் நடுவில், அவர்களைச் சிரிக்கவைக்கும் அந்தப் பழைய குரலில் சொன்னாள்.

"பதினாலு பேர எண்ணுனீங்களே, வூட்டுல நான் ஒருத்தி கீறேனே, என்ன எண்ணுனீங்களா?"

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மேலே தீ, நேர் கீழே அடுக்களை, அதில் அவளும் எரிவாயு உருளையும். நான் விசில் ஊதினேன், ஃப்யூஸைப் பிடுங்கினேன், வாசலுக்குப் போனேன், எண்ணினேன். அவளை ஒரு குரல் கூப்பிடவில்லை. மாதாமாதம் நடத்திய பயிற்சியில் ஒருமுறைகூட அவளை வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னதில்லை. என் கணக்கு தொடக்கத்திலிருந்தே பதினைந்தாக இருந்திருக்கவேண்டும்.

நிலைய அலுவலர் வந்து பார்த்துவிட்டு என் கையைக் குலுக்கினார். "ஒரு பையனுக்கு ஒரு கீறல் இல்ல. நீங்க குடுத்த டிரில்தான் சார் காரணம்." உண்மைதான். அதை நான் மறுக்கமாட்டேன். கீற்றைப் பிரித்ததும் தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்; கீற்று அங்கே இருந்திருந்தால் அன்றைக்குக் கதை வேறு. ஆனால் கொட்டகைக்குக் குளிர்ச்சியான ஒரு கூரை இருந்திருந்தால் அந்த நேரத்தில் பதினான்கு பேரும் அதன் கீழே சாம்பாரில் கத்திரிக்காய் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். கட்டிலுக்கடியில் அடுப்பே இருந்திருக்காது. என் வீட்டில் ஒருவன் அடுப்பை ஒளித்தான். என் மனைவி ஒரு தட்டுச் சோற்றை ஒளித்தாள். இருவரும் ஒளித்தது என்னிடமிருந்து.

இருமல் அடங்கியதும் நான் செய்த முதல் வேலை தகரத்தைக் கழற்றிவிட்டு ஓடு போட்டதுதான். அப்போதுதான் கொல்லன் சொன்னான், இரும்புச் சட்டத்திலேயே ஓட்டை உட்காரவைக்கலாம் என்று. வேலை முடிந்ததும் அவளை மேலே அழைத்துக்கொண்டு போனேன். நல்ல மதியம். கடல்காற்று எடுத்திருந்தது. உள்ளே அவ்வளவு குளிர்ச்சி.

"மறுபடியும் ஆரம்பிக்கலாமே" என்றேன்.

அவள் குழாயைத் திறந்து பார்த்தாள், மூடினாள். சுவரில் கை வைத்துப் பார்த்தாள். "நல்லாக் கட்டிக்கீறாங்க" என்றாள். பிறகு, "குண்டான எங்கண்ணன் வூட்டுக் கல்யாணத்துக்குக் குடுத்துட்டேன். திருப்பிக் கேக்க முடியாது" என்றாள்.

வேறு குண்டான் வாங்கலாம் என்றேன்.

"வாங்கலாம். அப்பால ஒருநா வேற இன்னாவாச்சும் ரூலு வரும். நீங்க அத்தத் தூக்கிக்கினு வந்து நிப்பீங்க. எனுக்கு முடியாதுங்க." முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

செய்யாறுப் பையனுக்கு மட்டும் அவன் படிப்பு முடியும்வரை அடுக்களையில் தட்டு இருந்தது. இப்போது அவன் முன்வாசல் வழியாகவே வந்தான். நான் அந்த நேரத்தில் கூடத்தில் உட்காருவதில்லை. நான் இருந்தால் அவன் வேகவேகமாக விழுங்குவான். தருமபுரிப் பையன் அந்த செமஸ்டரோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டான். நான் போகச் சொல்லவில்லை. பிறகு கல்லூரியே விடுதி கட்டிக்கொண்டது; பையன்கள் வருவது நின்றது. மேல்வீட்டில் இப்போது நாவலூரில் வேலைபார்க்கும் ஒரு தம்பதி இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் வெளியேதான் சாப்பிடுகிறார்கள்.

மாணவர்களுக்கு வீடு விடுகிறவர்கள் இன்றும் சிலர் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். இரண்டாவது படிக்கட்டு, திறக்கிற சன்னல், உருளை, மணல் எல்லாம் சொல்கிறேன். முள் பச்சையில் இருக்கவேண்டும் என்கிறேன். அவர்கள் எழுந்திருக்கும்போது, பையன்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேட்கிறேன். அது அவர்கள் பாடு சார் என்கிறார்கள். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி, இந்தத் தடவை கொட்டகையிலிருந்து, தொடங்குகிறேன். கேட்கிறவர்களுக்கு அலுத்துவிடுகிறது.

நேற்றும் தூறல் விழுந்தது. மாடியிலிருந்து கூப்பிட்டாள். போனேன். தட்டுகளை இரண்டு பேருமாக ஓட்டுக்கடியில் இழுத்து வைத்தோம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொட்டகையை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தாள்.

"இன்னாத்துக்குங்க இம்மாம் பெருசாக் கட்டுனீங்க?" என்றாள்.

ஒவ்வொரு மழைக்கும் கேட்கிறாள். நான் கடைசித் தட்டைச் சாரல் படாத மூலைக்குத் தள்ளி வைத்தேன்.